ஆறு பருவமும் ஒரு வீடும்

நாட்டு வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அரசர்கள் செய்த போர்களும், எடுப்பித்த கோயில்களும், வெட்டுவித்த ஏரிகளுமே ஆகும். அவற்றைக் கல்லிலும் செம்பிலும் பொறித்து வைத்தார்கள். ஆதலால் அவை நம் கைக்குக் கிடைத்தன. ஆனால், அந்தக் கோயிலுக்குக் கல் சுமந்தவனும், அந்த ஏரிக்கு மண் வெட்டியவனும் மாலையில் எத்தகைய வீட்டுக்குத் திரும்பினார்கள்? மழை வந்தால் அந்த வீடு ஒழுகிற்றா? கோடையில் அவர்கள் எங்கே படுத்தார்கள்? அடுப்பில் என்ன வெந்தது? வாயிலை யார் அழகு செய்தார்கள்? இக்கேள்விகளை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கேளாத காரணத்தால், விடையும் இல்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

விடை இருக்கிறது என்பதே என் கருத்து. அது பழம்பாடல்களில் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. மண்ணுக்கடியில் உடைந்த ஓடாகக் கிடக்கிறது. நம் வீட்டுப் பெண்மக்கள் ஆண்டுதோறும் தவறாமல் செய்து வந்த சில காரியங்களில் உயிரோடும் இருக்கிறது. அவற்றை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்த்தால், தமிழரின் இல்வாழ்க்கைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதும், அது வெயிலையும் மழையையும் நோக்கி மனிதன் சொல்லி வந்த மறுமொழியின் வரலாறு என்பதும் விளங்கும்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தார்கள். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இந்தப் பகுப்பைப் புலவர்களின் கற்பனை என்று சிலர் கருதுவர். அவ்வாறன்று. இது வீட்டை நடத்துவோரின் நாட்குறிப்பு. எந்த மாதத்தில் சுவரை மெழுகுவது, எந்த மாதத்தில் கூரையைப் பிரித்து மேய்வது, எந்த மாதத்தில் பானையை மாற்றுவது என்பவை யாவும் இந்த ஆறு பருவங்களில் அடங்கி நின்றன.

இதற்குச் சான்று வேண்டுவோர் பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையைப் பார்த்தால் போதும். நக்கீரர் பாடிய அப்பாட்டு, பாசறையிலிருக்கும் அரசனையும் அரண்மனையில் வருந்தியிருக்கும் அரசியையும் பற்றியது. எனினும் அவர் அக்கதைக்குள் நுழையுமுன், வாடைக் காற்று வீசத் தொடங்கியதும் மதுரை போன்றதொரு பெருநகரத்தின் வீடுகள் எவ்வாறு தம்மை மாற்றிக்கொண்டன என்பதைப் பொறுமையுடன் எடுத்துச் சொல்கிறார். வடநாட்டிலிருந்து வந்த வெண்ணிற வட்டக்கல்லும் தென்னாட்டுச் சந்தனமும் தொடுவாரின்றிக் கிடக்கின்றன. கோடையில் பயன்பட்ட விசிறி சுருக்கப்பட்டு முளையில் தொங்குகிறது. அதன்மேல் சிலந்தி நூல் கட்டிவிட்டது. மேல்மாடத்தில் தென்றல் வருவதற்கென்று அமைத்த வேனிற் பள்ளியறையின் கதவுகள் தாழிடப்பட்டுவிட்டன. குறுகிய வாயுள்ள கன்னலில் குளிர்ந்த நீரைப் பருகுவாரில்லை. அகன்ற வாயுள்ள தூபமூட்டியில் நெருப்பை இட்டு அதன் வெம்மையை எல்லாரும் நுகர்கிறார்கள். மகளிர் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டுகிறார்கள்.

இப்பகுதியை நான் படிக்குந்தோறும் ஒரு செய்தி என் உள்ளத்தில் தைக்கிறது. கோடைக்கு ஓர் அறை. குளிருக்கு ஓர் அறை. கோடைக்கு ஒரு பாத்திரம். குளிருக்கு ஒரு பாத்திரம். ஒரே வீட்டுக்குள் மக்கள் பருவந்தோறும் குடிபெயர்ந்தார்கள். இன்று நாம் வீட்டை மாற்றாமல் காற்றை மாற்ற முயல்கிறோம். பொறியை முடுக்கிக் குளிர்ச்சியை விலைக்கு வாங்குகிறோம். அவர்கள் காற்றை மாற்ற இயலாது என்று அறிந்து, தாம் படுக்கும் இடத்தை மாற்றிக்கொண்டார்கள்.

அதே பாட்டில் அரண்மனையைக் கட்டிய முறையும் வருகிறது. நண்பகலில் இரண்டு கோல்களை நட்டு, நிழல் எப்பக்கமும் சாயாத வேளையைக் கண்டு, திசையைக் குறித்து, நுணுக்கமாக நூல் பிடித்து மனை வகுத்தார்கள் என்கிறார் புலவர். வெயில் எந்தச் சுவரில் எப்போது விழும் என்பதை அறியாமல் எவரும் மனைக்கு நூல் பிடிக்கவில்லை என்பது இதனால் தெளிவாகிறது. சுவர்கள் செம்பினால் செய்தன போல உறுதியாயிருந்தன. வெள்ளி போல விளங்கும் சுதை பூசப்பட்டது. அதன்மேல் பல பூக்களைத் தாங்கிய ஒரு கொடியின் உருவம் எழுதப்பட்டிருந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு பூசி அதன்மேல் கொடி எழுதும் வழக்கம் நேற்று முளைத்ததன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இது அரசன் வீடு; ஏழை வீட்டில் என்ன இருந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு மண் விடை தருகிறது. 2014-ஆம் ஆண்டுக்குப்பின் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் நடைபெற்ற அகழாய்வுகளில் செங்கற் கட்டடங்களும், உறைகிணறுகளும், ஏராளமான கூரை ஓடுகளும் வெளிப்பட்டன. அந்த ஓடுகளின் மேற்பகுதியில் இரண்டு துளைகள் உண்டு. மரச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டுவதற்காக இட்டவை. ஓட்டின் முதுகில் விரலால் இழுத்த பள்ளங்களும் உண்டு. மழைநீர் தங்காமல் வழிந்தோடுவதற்காக இழுத்தவை. ஈர மண்ணில் ஒரு குயவன் விரலை அழுத்தி இழுத்த அந்தக் கோடு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அழியவில்லை. ஐப்பசி மழையை எண்ணிக்கொண்டே அவன் அந்த விரலை இழுத்திருக்க வேண்டும். பெயர் தெரியாத அம்மனிதனின் கவலையை நாம் கையால் தொட்டுப் பார்க்க முடிகிறது. வரலாறு என்பது இதுவும் அன்றோ!

இனிக் கோடைக்கு வருவோம். கோடையில் நீர் குறைகிறது. குறைந்த நீர் கலங்குகிறது. கலங்கல் நீரைத் தெளிவிக்க நம் மக்கள் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்தார்கள். அக்கொட்டையின் சத்து நீரில் மிதக்கும் மண்துகள்களை ஒன்றுகூட்டி அடியில் படியச் செய்கிறது. இல்லம் என்பது இம்மரத்தின் பழம்பெயர். கலங்கிய மனம் தெளிந்ததற்கு, இம்மரத்தின் வித்தினால் தெளிந்த நீரை உவமையாகக் கலித்தொகைப் புலவர் ஆண்டிருக்கிறார். கேட்போர் எல்லாருக்கும் தெரிந்த பொருளைத்தான் புலவர் உவமையாக்குவார். ஆகவே, அது அந்நாளில் வீட்டுக்கு வீடு நடந்த காரியம் என்று கொள்வதில் தவறில்லை.

தெளிந்த நீருக்கு மணமும் குளிர்ச்சியும் ஊட்டுவது அடுத்த படி. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களில், இறைவனுடைய திருமஞ்சன நீரில் இடுவதற்காக ஏலவரிசியும் செண்பக மொட்டும் இலாமிச்சை வேரும் வழங்க முதல் வைத்த செய்தி காணப்படுகிறது. கோயிலில் தெய்வத்துக்குச் செய்ததை வீட்டில் விருந்தினருக்குச் செய்தார்கள். கோடையில் மண்பானையை ஆற்று மணல்மேல் அமர்த்தி, வெட்டிவேர் முடிச்சொன்றை உள்ளே இட்டு வைக்கும் வழக்கம் அதன் நெருங்கிய உறவுதான். வெட்டிவேரைத் தட்டியாகப் பின்னிச் சாளரத்தில் தொங்கவிட்டு நீர் தெளித்தால், உள்ளே நுழையும் அனற்காற்று ஈரத்தை ஆவியாக்குவதில் தன் வெம்மையை இழந்து குளிர்ந்து வரும். மண்பானை நீர் குளிர்வதும் இதே முறையில்தான்.

அக்கல்வெட்டுக்களில் சமையலுக்கு உரிய பொருள்களின் பட்டியல்களும் உண்டு. அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, சீரகம், கடுகு, புளி, உப்பு, வாழைப்பழம் ஆகியவற்றை அங்கே காண்கிறோம். மிளகாய் மட்டும் இல்லை. இருக்கவும் இயலாது. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய மிளகாய், 1498-இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர், போர்த்துக்கீசியர் வழியாக இந்நாட்டுக்கு வந்தது. வந்த விருந்தாளிக்குத் தமிழர் தம் மிளகின் பெயரையே சூட்டி, மிளகுபோல் உறைக்கும் காய் என்னும் பொருளில் மிளகாய் என்றழைத்தார்கள்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. தைப்பொங்கலன்று பல வீடுகளில் சீமைக்காய்கறி எதுவும் கூடாது என்று விதி செய்து, நாட்டுக்காய்களை மட்டுமே இட்டுக் குழம்பு வைப்பார்கள். அந்தக் குழம்பில் அவரையும் மொச்சையும் வாழைக்காயும் இருக்கும். கூடவே பறங்கிக்காயும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இருக்கும். இவ்விரண்டும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. பறங்கிக்காய் தன் பெயரிலேயே தன்னைக் கொண்டுவந்த பறங்கியரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் நாம் செருகும் மஞ்சள் நிறப் பறங்கிப்பூவும் அப்படி வந்ததுதான். இதனால் நம் மரபு போலியானது என்று யாரும் எண்ண வேண்டா. வந்த பொருளைத் தன் பருவத்துக்குள் ஓர் இடம் கொடுத்து அமர்த்திக்கொள்வதே மரபின் வலிமை. மார்கழியில் பூப்பது எதுவோ அது மார்கழிக் கோலத்துக்கு உரியதாயிற்று. அது எந்தக் கண்டத்தில் பிறந்தது என்று நம் பாட்டிமார் விசாரிக்கவில்லை.

என் இளமைக் காலத்தில், காவிரிக் கரையை அடுத்த சிற்றூர் ஒன்றில், நாட்டு ஓடு வேய்ந்த முற்றத்து வீட்டில் என் பாட்டியார் இல்லறம் நடத்தி வந்தார். அவருக்குப் பஞ்சாங்கம் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வீடே அவருக்குப் பஞ்சாங்கமாயிருந்தது. மாசி மாதத்தில் மாவடு வந்ததும் ஆமணக்கெண்ணெய் தடவி உப்பிட்டுச் சாடியில் அடைப்பார். பங்குனியில் வெயில் ஏறியதும் கூழ் கிளறி வடகம் பிழிவார். சுண்டைக்காயும் மணத்தக்காளியும் மோரில் ஊறி வற்றலாகும். காக்கை வராமல் காவல் இருப்பது பேரப்பிள்ளைகளாகிய எங்கள் வேலை. சித்திரை முதல் நாளில் வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடி, ஆடியில் கேழ்வரகுக் கூழும் பெருக்கன்று சித்திரான்னங்களும், கார்த்திகையில் பொரியுருண்டை, திருவாதிரையில் களியும் பல காய்க் கூட்டும்.

கோடையில் ஏன் இவ்வளவு வற்றல் என்று ஒருநாள் கேட்டேன். “மழைக்காலத்தில் காய்க்கு எங்கே போவாய்?” என்று அவர் திருப்பிக் கேட்டார். உணவு வரலாற்றைப் பற்றி நான் பெற்ற முதற்பாடம் அதுவே. உப்பு காயின் நீரை வெளியே இழுக்கிறது. வெயில் எஞ்சிய நீரைப் போக்குகிறது. நீர் இல்லாத இடத்தில் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. வெயில் மிகுந்த காலத்தின் வளத்தை, வெயில் இல்லாத காலத்தின் வறுமைக்குக் கொடுத்து உதவும் வழி அது. பெட்டி போன்ற குளிர்பொறி இல்லாத நாளில், ஒரு குடும்பத்தின் களஞ்சியம் அந்தச் சாடிகளின் வரிசைதான்.

வீட்டை அழகு செய்வதும் இவ்வாறே பருவத்தோடு பிணைந்தது. மழைக்காலம் முடிகிறபோது சுவர்களில் பாசியும் ஈரமும் ஏறியிருக்கும். தை பிறப்பதற்கு முன் போகியன்று பழையன கழித்து, வீட்டுக்கு வெள்ளையடிப்பது ஏன் என்பதை இதிலிருந்து அறியலாம். நீற்றிய சுண்ணாம்பு சுவரில் ஏறியதும், காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு மெல்ல மெல்ல மீண்டும் கல்லாக இறுகுகிறது. அதன் காரத்தன்மை பாசியையும் பூஞ்சையையும் எளிதில் வளரவிடாது. அதன் வெண்மை வரப்போகும் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அதன் நுண்துளைகள் வழியே சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேறுகிறது. கஞ்சித் தண்ணீரும் சிறிது உப்பும் கலந்தால் சுண்ணாம்பு கையில் ஒட்டாது என்பது வேலைக்காரர் கண்ட நுட்பம். அழகு, உடல்நலம், சிக்கனம் ஆகிய மூன்றும் ஒரே மட்டையின் வீச்சில் நிறைவேறின.

கார்த்திகை விளக்குக்கும் நெடிய வரலாறு உண்டு. மழை ஓய்ந்த வானில் முழுமதி அறுமீனோடு சேரும் இரவில், தெருவெங்கும் விளக்கேற்றி மாலை தொங்கவிட்டு விழாக் கொண்டாடியதை அகநானூற்றுப் பாட்டொன்று கூறுகிறது. அதே பாட்டில், புதுமணப் பெண் அடுப்பில் பாலுலை ஏற்றுவதும், மகளிர் புதுநெற்கதிரை முறித்து அவல் இடிப்பதும் வருகின்றன. விளக்கு, பால், புதுநெல் ஆகிய மூன்றும் இன்றும் நம் பண்டிகைகளில் நீங்காமல் இருப்பதை எண்ணிப் பாருங்கள்.

கோலத்தைப் பற்றி மட்டும் பழஞ்சான்று தேடுவது கடினம். காலையில் பிறந்து மாலைக்குள் அழிகிற கலை எந்தச் சுவடியையும் விட்டுச் செல்வதில்லை. கோயிற்சுவரில் ஒரு முறை எழுதிய ஓவியத்துக்குக் காவலர் உண்டு. நாள்தோறும் புதிதாய் எழுதிய கோலத்துக்கு எழுதியவளின் விரலே காவல். அவ்விரல் தன் மகளின் விரலுக்குச் சொல்லிக் கொடுத்ததால்தான் அது இன்றுவரை வந்து சேர்ந்தது.

வீட்டின் வரலாற்றில் பெரிய மாறுதல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்தோர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார்கள். ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் அந்தச் சீமை ஓடு தென்னாடெங்கும் பரவிற்று. குயவர் சக்கரத்தில் குழாய்போல் வனைந்து இரண்டாகப் பிளக்கும் நாட்டு ஓட்டை, அணிலும் குரங்கும் காற்றும் அடிக்கடி கலைத்துவிடும். மழைக்கு முன் ஓடு மாற்றுவது ஆண்டுதோறும் நேரும் செலவு. சீமை ஓடு அச்செலவைக் குறைத்தது. அதே வேளையில், ஊர்க் குயவனின் ஒரு வருவாயையும் அது குறைத்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான வரலாறு.

செல்வர் வீடுகளில் வேறொரு கலை வளர்ந்தது. செட்டிநாட்டு மாளிகைகளில் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கரு, கடுக்காய்ச் சாறு, வெல்லம் முதலியவற்றைக் கூட்டி, பல அடுக்காகப் பூசித் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கினார்கள். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை வார்த்து, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து இன்றும் கையாலேயே தரைக்கற்கள் செய்கிறார்கள். அந்த மாளிகைகளின் முற்றங்கள் வறண்ட சீமையில் பெய்த மழையை வீணாக்காமல் ஏந்திக் கொடுத்தன.

பின்னர்ச் சிமெண்டும் கான்கிரீட்டும் வந்தன. அவை ஏழையின் வீட்டைத் தீயிலிருந்தும் புயலிலிருந்தும் காத்தன என்பதை மறப்பது நன்றியின்மை. கீற்றுக் கூரை தீப்பற்றிச் சேரி முழுவதும் எரிந்த காட்சியைக் கண்டவர் எவரும், கூரை வீடே இனிது என்று பாடமாட்டார். ஆனால் கான்கிரீட்டுக் கூரை பகலெல்லாம் வெயிலை உண்டு இரவெல்லாம் அதை உள்ளே உமிழ்கிறது. திண்ணையும் முற்றமும் மறைந்தன. அவற்றோடு பருவத்துக்குப் பருவம் இடம் மாறிப் படுக்கும் வழக்கமும் மறைந்தது.

சமையல் அறிவும் இதே காலத்தில் ஒரு நெருக்கடியைச் சந்தித்தது. தொலைநகரங்களுக்குக் குடிபோன இளம் பெண்களுக்கு அருகிலிருந்து சொல்லிக் கொடுக்க மாமியாரோ தாயாரோ இல்லை. உறவினர் கடிதம் எழுதிப் பாகம் கேட்கத் தொடங்கினார்கள். அத்தேவையை உணர்ந்தே எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் ‘சமைத்துப் பார்’ என்னும் நூலை வெளியிட்டார். அதுவரை கையும் கண்ணும் மட்டுமே அறிந்திருந்த அளவுகள் எழுத்தில் ஏறின. ஒரு பெண்மணி தம் அடுக்களையிலிருந்து எழுதிய அந்நூல், எத்தனையோ ஆவணங்களைவிட நம் வரலாற்றுக்கு இன்றியமையாத ஆவணம் என்று நான் தயக்கமின்றிக் கூறுவேன்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய வீட்டின் அழகையெல்லாம் சுமந்தவை பெண்களின் தோள்கள். விறகுப் புகையில் அவர்கள் கண் கரித்தது, நெஞ்சு அடைத்தது. விடியுமுன் சாணம் தெளித்தவளும், நண்பகல் வெயிலில் வடகம் பிழிந்தவளும், இரவில் உரலில் மாவரைத்தவளும் ஒருத்தியே. வசதியுள்ள வீடுகளில் அந்த உழைப்பின் பெரும்பகுதியைக் கூலிக்கு வந்த மகளிர் செய்தார்கள். சுண்ணாம்பில் கை வெந்தவர்கள் அந்த வெள்ளைச் சுவருக்குள் சமமாக அமர இடம் பெறவில்லை. எரிவாயு அடுப்பும் அரவைப் பொறியும் வந்தபோது பெண்கள் அவற்றை வரவேற்றார்கள். அது மரபைத் துறந்ததன்று, மூச்சு விட்டுக்கொண்டது. ஆகவே, பழமையை மீட்க வேண்டும் என்போர், அந்த வேலையை வீட்டிலுள்ள எல்லாரும் பகிர்ந்துகொள்ள முதலில் உடன்பட வேண்டும். ஒருத்தியின் முதுகு ஒடிந்து நிலைக்கும் மரபு நிலைக்கத்தக்கதன்று.

அவ்வாறாயின் எதைக் காப்பது? பொருளை அன்று, பருவத்தை நோக்கும் கண்ணைக் காக்க வேண்டும். அக்கண்ணை இழந்தால் நேரும் துன்பத்தை நாம் கண்டுவிட்டோம். மழைநீர் செல்லும் வழியை மறந்து கட்டிய சென்னை மாநகரம் 2015-ஆம் ஆண்டு இறுதியில் வெள்ளத்தில் மூழ்கிற்று. அதே நகரம் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் குடிநீர் இன்றித் தவித்தது. பெய்யும் மாதத்தையும் காயும் மாதத்தையும் இணைத்து எண்ணாதவருக்கு இரண்டும் பகை. 2003-இல் தமிழ்நாட்டு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. முற்றத்தில் ஓட்டுவாரத்தின் கீழே அண்டா வைத்த பாட்டிமாரின் அறிவு அங்கே சட்டமாயிற்று. ஆயினும் சட்டம் தொட்டியைக் கட்டச் செய்யும். ஐப்பசிக்கு முன் அதைத் தூர்வாருவது வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது.

அடுக்குமாடியில் குடியிருப்போரும் எளிதாகச் செய்யக்கூடியவை பல உண்டு. பங்குனி முடிவதற்குள் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். கீழறையின் வெப்பம் குறைவதை அன்றிரவே உணரலாம். கோடையில் மேற்குச் சாளரத்துக்கு வெட்டிவேர்த் தட்டியோ, நனைத்த பருத்தித் துணியோ தொங்கவிடலாம். ஒரு படி அரிசியில் வடகமும், ஒரு கைப்பிடி சுண்டைக்காயில் வற்றலும் செய்வதற்கு மாடியில் சிறிது இடம் போதும். பிள்ளைகளைக் காவலுக்கு வையுங்கள், அவர்கள் கற்றுக்கொள்வார்கள். ஆவணியில் மழைநீர்க் குழாயையும் வடிகட்டியையும் சுத்தம் செய்யலாம். போகியன்று பழைய பாயையும் துணியையும் கொளுத்துவதற்கு மாறாக, பயன்படுவதைப் பிறருக்குக் கொடுத்து, மற்றதைப் பிரித்து அப்புறப்படுத்தலாம். நெகிழியையும் சக்கர ரப்பரையும் எரிப்பது எந்த மரபிலும் இல்லாத கொடுமை. வாயிலுக்கு மாவிலையும் தென்னங்குருத்தும் இருக்க, மக்காத தோரணம் எதற்கு? கோலத்துக்கு அரிசிமாவு இருக்க, எறும்பின் பங்கைக் கல்மாவு கொண்டு பறிப்பானேன்? காய் வாங்கும்போது இது எந்த மாதத்துக் காய் என்று கேளுங்கள். அந்தந்தப் பருவத்தில் மிகுதியாய் விளைவது விலையும் குறைவு, சுவையும் மிகுதி.

இவற்றுள் எதுவும் பெரிய காரியமன்று. ஆனால் பெரிய காரியங்கள் மட்டுமே வரலாறு ஆவதில்லை. கொத்தர்களுள் சுண்ணாம்பு நீற்றத் தெரிந்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். வடகக் கூழின் பதம் அறிந்த மூதாட்டிகள் நம்மிடையே என்றும் இருக்கமாட்டார்கள். அவர்களுக்கு யாரும் மெய்க்கீர்த்தி பாடவில்லை. அவர்கள் அறிவு ஏட்டில் இல்லை, கையில் இருக்கிறது. உங்கள் வீட்டில் அத்தகைய முதியவர் ஒருவர் இருப்பாராயின், இந்தப் பருவம் முடிவதற்குள் அவருடன் அமர்ந்து, அவர் செய்வதைப் பார்த்து, கேட்டு, எழுதி வையுங்கள். எழுதியதை ஒரு முறையேனும் உங்கள் கையால் செய்து பாருங்கள். ஈர ஓட்டில் விரலை இழுத்த கீழடிக் குயவன் தன் பெயரை எழுதவில்லை. தான் அறிந்ததை எழுதினான். நாமும் அவ்வளவு செய்தால் போதும்.